பீரோவுல தூங்குற புத்தகத்தை புள்ளைங்க கைக்கு கொண்டு போறது எப்படி: மதுரைப் பக்கம் நாங்க செஞ்ச விதம், முழு வழிகாட்டி

போன மாசம் ஒரு தம்பி போன் பண்ணி "அக்கா, எங்க ஆபீஸ்ல 400 புக்கு சேத்து வச்சிருக்கோம், எந்த ஸ்கூலுக்கு குடுக்கலாம்"னு கேட்டாப்ல. நான் கேட்ட மொத கேள்வி, "குடுத்துட்டு வாரா வாரம் யாரு தம்பி போகப்போறீங்க?" அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்பறம் "இல்லக்கா, ஒரு சனிக்கிழமை போயி குடுத்துட்டு போட்டோ எடுத்துட்டு வந்துரலாம்னு..." அப்டின்னு இழுத்தாப்ல.

தம்பி மேல கோவம் இல்ல, ஏழெட்டு வருசத்துக்கு முன்னாடி நானும் அதையேதான் செஞ்சேன். அப்பார்ட்மெண்ட் அப்பார்ட்மெண்டா ஏறி இறங்கி 3 மூட்டை சேத்தோம். பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல பழைய பேங்க் எக்ஸாம் கைடு, ஜோசியம், எவனோ மிக்ஸிக்கு குடுத்த மேனுவல் கூட உள்ள கெடந்துச்சு. மிச்சத்தை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல குடுத்து பேனர் புடிச்சு போட்டோ எடுத்தோம். நாலு மாசம் கழிச்சு எதார்த்தமா அந்தப் பக்கம் போனப்ப உள்ள எட்டிப் பாத்தா பீரோ பூட்டிக் கெடக்கு. சாவி யாருகிட்டன்னு கேட்டா, டிரான்ஸ்பர்ல போன டீச்சர்கிட்டயாம். அன்னைக்கு புரிஞ்சது, நம்ம ஊர்ல பஞ்சம் புத்தகத்துக்கு இல்ல, புள்ளைக்கு பக்கத்துல உக்காந்து அதைப் பிரிக்கிற ஆளுக்குத்தான். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க, இல்லன்னா இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது.

புத்தகம் சேக்கறதுக்கு முன்னாடி பீரோவை பாருங்க

வீட்டுல இருந்து 20 நிமிசத்துல போகக்கூடிய ஒரே ஒரு ஸ்கூலை எடுத்துக்கங்க. ஊர்ல இருக்க எல்லா ஸ்கூலுக்கும் செய்யறேன்னு கெளம்புனவங்க ரெண்டு மாசத்துல காணாம போயிருவாங்க, நான் நெறைய பாத்துட்டேன். ஒத்தக்கடைன்னா ஒத்தக்கடை, நாகமலைன்னா நாகமலை, அம்புட்டுதான்.

எச்.எம்.மை பாக்க போறப்ப கைல புக்கு எதுவும் கொண்டு போகாதீங்க. "சார், ஸ்கூல்ல இருக்க புக்கை கொஞ்சம் பாக்கலாமா"ன்னு மட்டும் கேளுங்க. கவர்மெண்ட் ஸ்கூல்ல புக்கே இல்லன்னு வெளிய இருக்கவங்க நெனைக்கறாங்க, அது தப்பு. சமக்ர சிக்ஷாங்கற அரசு பள்ளிக் கல்வித் திட்டம் மூலமா நூலகத்துக்குன்னு வந்தது இருக்கும், 2023ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச வாசிப்பு இயக்கத்துல வந்த சின்னச் சின்ன புத்தகம் இருக்கும் (நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சிருப்பாங்க, உண்மையிலேயே நல்லா இருக்கும்), 4, 5ம் கிளாஸுக்கு வர்ற ஊஞ்சல், பெரிய புள்ளைங்களுக்கு வர்ற தேன்சிட்டு இதழ் எல்லாம் கட்டா இருக்கும்.

அப்ப ஏன் பூட்டி வைக்கறாங்க? டீச்சருக்கு அக்கறை இல்லன்னு சுலபமா சொல்லிரலாம், ஆனா விசயம் வேற. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏறுன பொருள் ஒண்ணு காணோம்னா ஆடிட்ல பதில் சொல்ல வேண்டியது அந்த டீச்சர். புள்ளை வீட்டுக்கு கொண்டு போயி ஆடு தின்னுருச்சுன்னா அவங்கதான் மாட்டுவாங்க, அதான் பூட்டு. இதுக்கு நாங்க கண்டுபுடிச்ச வழி: நாங்க கொண்டு வர்ற புத்தகம் ஸ்கூல் ரெஜிஸ்டர்லயே ஏறாது, எங்க நோட்டுல மட்டும் ஏறும், தொலைஞ்சா எங்க பொறுப்புன்னு லெட்டர்லயே எழுதி குடுத்துர்றோம். ஸ்கூல் புக்கை கிளாஸுக்குள்ள மட்டும் படிப்போம், வீட்டுக்கு போறது எங்க புக்கு. இதை சொன்ன உடனே பல எச்.எம். மொகம் தெளிஞ்சதை நேர்ல பாத்துருக்கேன்.

லெட்டர்னு சொன்னேன்ல, அது கட்டாயம். யாரு வர்றோம், எந்த கிழமை, எத்தன மணி, என்ன செய்வோம்னு ஒரே பக்கத்துல தமிழ்ல எழுதி எச்.எம். கிட்ட குடுங்க. பி.இ.ஓ. ஆபீஸ் (வட்டாரக் கல்வி அலுவலகம்) அனுமதி எப்படி வாங்கறதுன்னு அவங்களே சொல்லுவாங்க. 2024 செப்டம்பர்ல சென்னையில ஒரு ஸ்கூல்ல வெளியாள் பேசுன பேச்சு பிரச்சனை ஆனதுல இருந்து எல்லாருமே உசாரா இருக்காங்க, அது ஞாயமும் கூட, அதனால "அனுமதி எல்லாம் எதுக்கு, நல்லதுதான செய்றோம்"னு மல்லுக்கு நிக்காதீங்க. அப்பறம் எஸ்.எம்.சி., அதாவது பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்களாத்தான் இருக்கணும், பாதிப் பேரு பொம்பளைங்க. அந்த மீட்டிங்ல ஒரு தடவை போயி உக்காந்து பேசிட்டு வாங்க. எச்.எம். மாறிப் போயிருவாரு, அந்த அக்காங்க ஊர்லயேதான் இருப்பாங்க.

ஆளு புடிக்கறது

காலேஜ் பசங்க ஆர்வமா வருவாங்க, செமஸ்டர் வந்தா போயிருவாங்க. ஐ.டி. ஆளுங்களுக்கு சனி ஞாயிறுதான் ஓயும், அன்னைக்கு ஸ்கூலு லீவு. எங்க அனுபவத்துல நின்னு செஞ்சவங்க ரெண்டு வகை. ஒண்ணு ரிட்டயர் ஆனவங்க, போஸ்ட் ஆபீஸ், எல்.ஐ.சி., மில்லுன்னு வேலை பாத்து முடிச்சவங்க. இன்னொண்ணு அதே தெருவுல இருக்க, பிளஸ் டூவோ டிகிரியோ முடிச்சுட்டு கல்யாணம் ஆகி வீட்டுல இருக்க பொண்ணுங்க. 2021 அக்டோபர்ல கொரோனாவுல விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசு இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்ப மாசம் 1000 ரூபா ஊக்கத்தொகைக்கு சாயங்காலம் சாயங்காலம் திண்ணையில புள்ளைங்களை உக்கார வச்சு சொல்லிக் குடுத்தது இவங்கதான். உங்க ஏரியால அப்டி செஞ்ச அக்கா யாருன்னு விசாரிச்சு மொத ஆளா அவங்களைப் புடிங்க, எந்தப் புள்ளை எந்த வீடு, எந்த வீட்டுல என்ன பாடுன்னு அவங்களுக்கு அத்துப்படி.

ஒரு ஸ்கூலுக்கு 6 பேரு போதும். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு மூணு பேரு, மத்த மூணு பேரு அடுத்த வாரம். வர்றவங்ககிட்ட மூணு மாசம் மட்டும் கேளுங்க. "உங்களால முடிஞ்சப்ப வாங்க"ன்னு சொல்லிட்டா யாரும் வரமாட்டாங்க, இது எழுதப்படாத சட்டம். வர முடியலன்னா முந்தின நாளே சொல்லிரணும். புள்ளைங்க வாசல்ல நின்னு பாத்துட்டு இருப்பாங்க, அந்த ஏமாத்தத்தை ரெண்டு தடவை குடுத்தா மூணாவது தடவை உங்களை நம்பாது அதுக.

இப்ப சொல்றதுல பேரமே கெடையாது. பெரியவங்க எப்பவும் ரெண்டு பேரா இருக்கணும், ஒரு புள்ளை கூட தனியா ஒரு ரூமுல யாரும் இருக்கக்கூடாது, கதவு தொறந்தே இருக்கணும். புள்ளைய பைக்ல ஏத்தி வீட்டுல விடறேன் சோலியெல்லாம் வேணாம். போன் நம்பர் வாங்கறது குடுக்கறது வேணாம். மொகம் தெரியற போட்டோ வேணவே வேணாம், ஸ்டேட்டஸ் வைக்கத்தான் வர்றேன்னா அந்த ஆளு வேணாம். புதுசா வர்ற ஒவ்வொருத்தரோட அடையாள அட்டை காப்பி ஸ்கூல்ல இருக்கணும். ஏதாவது புள்ளை வீட்டுல அடி, தப்பான தொடுதல்னு சொன்னா நீங்களே நாட்டாமை பண்ணாம எச்.எம்.முக்கும் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லணும். இதைக் கேட்டு மொகம் சுழிச்ச ஒரு பெரியவரை நாங்க நன்றி சொல்லி அனுப்பிச்சுட்டோம், ஊர்ல கொஞ்சம் மனஸ்தாபம்தான், பரவால்ல.

எந்தப் புத்தகம், எம்புட்டு, எங்க

25 புள்ளைங்களுக்கு 60 புத்தகம் இருந்தா ஆரம்பிச்சரலாம். 400 வேணாம், 400 இருந்தா புள்ளை தேர்ந்தெடுக்கத் தெரியாம முழிக்கும். படம் பெருசா, எழுத்து பெருசா, 16 இல்ல 24 பக்கத்துல முடியறதா பாருங்க. வழவழ அட்டையில நீதி சொல்ற கதையா வாங்கி குவிக்காதீங்க, "அதனால நாம் பொய் சொல்லக் கூடாது"ன்னு முடியற புக்கை எங்க புள்ளைங்க ஒரு தடவைக்கு மேல தொட்டதில்ல. ஆனா ஒரு எருமை சேத்துல மாட்டிக்கிட்ட கதை ஒண்ணு இருக்கு, அந்த அட்டை மூணு தடவை ஒட்டியாச்சு.

வாங்கறதுக்கு: நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா, பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தோட புக்ஸ் ஃபார் சில்ட்ரன் இதுலயெல்லாம் தமிழ்ல நல்ல படக்கதை இருக்கு. மதுரை தமுக்கம் மைதானத்துல புத்தகத் திருவிழா போடறப்ப எல்லாரும் ஒரே எடத்துல இருப்பாங்க, வழக்கமான 10 சதவீதம் கழிவும் கெடைக்கும், அப்ப ஒரு புள்ளையையும் கூட்டிட்டு போயி அதுவே எடுக்கட்டும்னு விட்ருங்க. காசு இல்லன்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளம், 2015ல இருந்து இருக்கு, தமிழ்க் கதை எக்கச்சக்கம், லெவல் 1ல இருந்து 4 வரை பிரிச்சு வச்சிருக்காங்க, இலவசமா எறக்கி பிரிண்ட் போட்டுக்கலாம். நாங்க கலர்ல போட்டா கட்டுப்படி ஆகலன்னு கருப்பு வெள்ளையில போட்டு புள்ளைங்களையே கலர் அடிக்க விட்டோம், அந்தப் பிரதி மேல இருக்க பாசம் கடை புத்தகத்து மேல வர்றதில்ல.

தானமா வாங்கறப்ப "புத்தகம் குடுங்க"ன்னு கேக்காதீங்க, "10 வயசுக்குள்ள இருக்க புள்ளை படிக்கிற கதைப் புத்தகம், கிழியாதது, தமிழ்"னு கேளுங்க. மிக்ஸி மேனுவல் வராது. வெளியூர்ல இருந்து அனுப்பறவங்களுக்கு தபால் ஆபீஸ்ல 2025 மே 1ல இருந்து ஞான் போஸ்ட்னு ஒண்ணு இருக்கு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, 5 கிலோ வரைக்கும் 100 ரூபா, வரி தனி. கொரியரை விட எவ்வளவோ மேல்.

அந்த ஒரு மணி நேரம்

இங்கதான் எல்லாம் இருக்கு, கொஞ்சம் நிதானமா படிங்க.

மொத 15 நிமிசம் ஒருத்தர் சத்தமா படிக்கணும், எல்லாரும் கேக்கணும். புத்தகத்தை நெஞ்சுக்கு நேரா புள்ளைங்க பக்கம் திருப்பிப் புடிச்சுக்கிட்டு, பக்கவாட்டுல இருந்து நீங்க படிக்கணும். வீட்டுல ரெண்டு தடவை படிச்சுப் பாக்காம போனீங்கன்னா தடுமாறுவீங்க. தமிழ்ல ஒரு சிக்கல் இருக்கு பாருங்க, நம்ம பேசறது ஒண்ணு, புத்தகத்துல இருக்கறது வேற. "அவன் சந்தைக்குச் சென்றான்"னு இருக்கும். மேலூர்ப் பக்கத்து ரெண்டாங்கிளாஸ் புள்ளை வாழ்க்கையில "சென்றான்"னு ஒரு தடவை கூட சொல்லியிருக்காது. எழுத்துக் கூட்டி கரெக்டா படிச்சுரும், அர்த்தம் போய்ச் சேராது. அதனால நாங்க புத்தகத்துல இருக்கறபடி ஒரு வரி படிச்சுட்டு, ஒடனே "சந்தைக்குப் போனானாம்டா"ன்னு நம்ம பேச்சுல ஒரு தடவை சொல்லுவோம். பத்து பன்னண்டு கதை தாண்டறப்ப அதுகளுக்கே பழகிருது, "சென்றான்னா போனான்தான மிஸ்"னு அதுகளே சொல்லும். டவுனுக்குள்ள சௌராஷ்டிரா பேசற வீட்டுப் புள்ளைங்க, வடக்க இருந்து வேலைக்கு வந்தவங்க புள்ளைங்க இருந்தா இன்னும் மெதுவா போங்க, அதுகளுக்கு இது மூணாவது பாஷை மாதிரி.

அடுத்த 25 நிமிசம் சின்னச் சின்ன கூட்டமா. ஒரு பெரியவர், கூட சில புள்ளைங்க. திணறுற புள்ளையைத் தான் பக்கத்துல வச்சுக்கணும், நல்லா படிக்கறதை இல்ல. அஞ்சாங்கிளாஸ்ல ஒரு பையன் இருந்தான், ஒல்லியா, எப்பப் பாத்தாலும் சட்டை காலரை கடிச்சுக்கிட்டு. புத்தகம் குடுத்தா கடகடன்னு படிப்பான். ரெண்டு வாரம் கழிச்சுத்தான் நான் கவனிச்சேன், அவன் கண்ணு எழுத்து மேலயே இல்ல, படத்தைப் பாத்து பக்கத்துல இருக்கவன் படிச்சதை அப்டியே ஒப்பிக்கிறான். அவனுக்கு கொம்பு, கால், சுழி எதுவுமே பிடிபடல. "கெ"யும் "கே"யும் அவனுக்கு ஒண்ணுதான். அஞ்சு வருசமா அதை மறைச்சு மறைச்சு ஓட்டியிருக்கான், அதுக்கு எம்புட்டு மூளை வேணும் சொல்லுங்க. அவன்கிட்ட ஒண்ணாங்கிளாஸ் புக்கை குடுத்தா மத்தவன் சிரிப்பான். அதனால "டேய், சின்னப் புள்ளைங்களுக்கு நீ படிச்சுக் காட்டணும், இதை ரெடி பண்ணிட்டு வா"ன்னு அதே சின்ன புத்தகத்தை வேலையா குடுத்தோம். ஒரு பக்கத்துக்கு நாலே வார்த்தை. வெரல் வச்சு வச்சு மூணு நாள் பாத்துட்டு வந்து, ரெண்டாங்கிளாஸுக்கு முன்னாடி நின்னு "கே...ணி"ன்னு ஒரு நெடில் இழுத்தான் பாருங்க, காலர் வாயில இல்ல அன்னைக்கு.

தப்பா படிச்சா ஒடனே பாயாதீங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க, பாதி நேரம் அதுவே திருத்திக்கும். திருத்தலன்னா நீங்க அந்த வார்த்தையை சாதாரணமா சொல்லிட்டு நகர்ந்துருங்க. "வாளப்பளம்"னு படிச்சா விட்ருங்க, ழகரத்துக்கு வேற நாள் இருக்கு, கதை நடுவுல நிப்பாட்டி நாக்கை மடிக்கச் சொன்னா கதையும் போச்சு நாக்கும் போச்சு. "இந்தக் கதை என்ன கற்றுத் தருகிறது"ன்னு கேக்கவே கேக்காதீங்க. "நீயா இருந்தா என்னடா செஞ்சிருப்ப"ன்னு கேளுங்க, பதிலு வண்டி வண்டியா வரும்.

மிச்ச நேரம் வீட்டுக்கு புத்தகம் எடுத்துட்டு போறது. பாய விரிச்சு அட்டை தெரியற மாதிரி பரப்பிருங்க, முதுகு தெரியற மாதிரி அடுக்குனா சின்னது எடுக்காது. ஒரு 80 பக்க நோட்டு போதும்: பேரு, புத்தக நம்பர், போன தேதி, வந்த தேதி. புள்ளையே எழுதட்டும். ஆப்பு, பார்கோடு எல்லாம் ஒரு தம்பி செஞ்சு குடுத்தாப்ல, கரெண்ட் போனப்ப நோட்டுக்கே வந்துட்டோம்.

தொலைச்சா ஃபைன் கெடையாது. இது ரொம்ப முக்கியம். ஃபைன் போட்ட ஒடனே வீட்டுல "அந்த புக்கை தொடாத, கிழிஞ்சா காசு கேப்பாங்க"ன்னு சாமி அலமாரி மேல ஏத்திருவாங்க. ஒரு தடவை ஒரு அப்பத்தா பொட்டலம் மாதிரி மடிச்ச முந்தானையோட ஸ்கூலுக்கே வந்துட்டாங்க. பேரன் கொண்டு வந்த புக்குல கொழம்பு கொட்டிருச்சாம். முடிச்சை அவுத்து 20 ரூபாயை எடுத்து நீட்டறாங்க, கை நடுங்குது. "அப்பத்தா, கொழம்பு கொட்டுன புக்குன்னா சாப்புடறப்ப கூட படிச்சிருக்கான்னு அர்த்தம், காசை உள்ள வைங்க"ன்னு சொன்னோம். அப்டியே திண்ணையில உக்கார வச்சு, "உங்களுக்குத் தெரிஞ்ச கதை ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டா, நரியும் நண்டும் வர்ற ஒரு கதைய சொன்னாங்க பாருங்க, எங்ககிட்ட இருந்த அத்தனை புக்கும் தோத்துச்சு.

வீட்டை எப்படி இழுக்கறது

அந்த அப்பத்தாகிட்ட இருந்துதான் இது வந்துச்சு. பெத்தவங்ககிட்ட "உங்க புள்ளைக்கு வீட்டுல படிச்சுக் காட்டுங்க"ன்னு சொன்னா, படிக்கத் தெரியாதவங்க தலையக் குனிஞ்சுக்குவாங்க, அடுத்த மீட்டிங்குக்கு வரமாட்டாங்க. அப்டி கேக்காதீங்க. ரெண்டே ரெண்டு வேலை கேளுங்க: புள்ளை படிக்கறப்ப 10 நிமிசம் பக்கத்துல உக்காந்து கேக்கணும், முடிஞ்சதும் "அப்பறம் என்னாச்சு"ன்னு ஒரு கேள்வி கேக்கணும். அந்த 10 நிமிசம் டிவியும் போனும் அமத்தி இருக்கணும். படிக்கத் தெரியாதவங்களாலயும் முடியும், சொல்லப் போனா அவங்க உண்மையிலேயே ஆர்வமா கேப்பாங்க, ஏன்னா அவங்களுக்கு நெசமாவே கதை தெரியாது.

மீட்டிங்கை காலைல 11 மணிக்கு வச்சுட்டு "யாரும் வரல, அக்கறை இல்ல"ன்னு பொலம்பக்கூடாது. நூறு நாள் வேலை, களையெடுப்பு, பூ பறிப்பு எல்லாம் முடிஞ்சு கொழா தண்ணி புடிச்சு முடிக்கற நேரம் எதுன்னு ஊர்ல கேட்டுட்டு, சாயங்காலம் கோயில் மந்தையில வைங்க. புள்ளைங்களை அங்க படிக்க வைங்க. பெத்த வயிறு வராம இருக்காது.

அப்பத்தா கதைகளை நாங்க போன்ல பதிவு பண்ணி, அஞ்சாங்கிளாஸ் புள்ளைங்க கேட்டு எழுதி, ஏ4 தாளை மடிச்சு நடுவுல ஊசி நூல் போட்டு தைச்சு, படம் வரைஞ்சு புத்தகம் ஆக்கிட்டோம். அட்டையில அப்பத்தா பேரு. இப்ப அதிகமா போற புத்தகம் அதான், வீட்டுல தைரியமா சத்தமா படிக்கறதும் அதான்.

கிழிசல், பூச்சி, இத்யாதி

செலோ டேப் போடாதீங்க, வெயில்ல மஞ்சளாகி பக்கத்தையும் கூட கிழிச்சுக்கிட்டு வரும். மெல்லிசு வெள்ளைத் தாளை கீத்தா வெட்டி ஃபெவிகால் தொட்டு ஒட்டி மேல கனம் வைங்க. மைதா பசை வேணாம், பூச்சிக்கு அது விருந்து. பாச்சா உருண்டை புள்ளைங்க கைபடற எடத்துல வேணவே வேணாம். காஞ்ச வேப்பிலையும் வசம்பும் துணியில கட்டி போட்டு, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை புத்தகத்தை வெளிய எடுத்து நெழல்ல காத்தாட வச்சா ராமபாணப் பூச்சி அண்டாது. செவுத்தை ஒட்டி பீரோ போடாதீங்க, கரையான் செவுரு வழியாத்தான் ஏறும். உண்மையச் சொன்னா அடிக்கடி கையில எடுக்கற புத்தகத்துல பூச்சி வர்றதே இல்ல.

ஊரு நூலகத்தை மறந்துராதீங்க

நம்ம கட்ற வீட்டு வரியோட நூலக வரியும் சேந்துதான் போகுது, 1948 பொது நூலகச் சட்டத்துல வந்தது, சுதந்திர இந்தியாவுலயே மொத நூலகச் சட்டம் நம்மளுது. அதனால கிளை நூலகத்துல போயி "எங்க ஸ்கூல் புள்ளைங்களை உறுப்பினரா சேக்கணும்"னு கேக்கறதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல. நூலகர் பாதிப் பேரு சந்தோசப்படுவாங்க, யாரும் வர்றதில்லைங்கறதுதான் அவங்க கவலையே. வருசத்துக்கு ஒரு தடவை புள்ளைங்களை நத்தம் ரோட்டுல இருக்க கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு கூட்டிட்டு போங்க, 2023 ஜூலை 15ல தொறந்தது, சின்னப் புள்ளைங்களுக்குன்னு தனிப் பகுதி இருக்கு. பெத்தவங்க கையெழுத்து, ஸ்கூல் அனுமதி, கூட ரெண்டு டீச்சர் இல்லாம வண்டி ஏத்தாதீங்க. மொத தடவை போனப்ப எங்க புள்ளைங்க புத்தகத்தை விட்டுட்டு லிப்ட்லயே ஏறி ஏறி எறங்குச்சுக, அரை மணி நேரம் விட்டுட்டேன். அப்பறம் தானா வந்து உக்காந்துச்சுக.

காசு விசயம் ஒரே வரி: ரொக்கமா கையில வாங்காதீங்க, புத்தகமாவே வாங்குங்க, செலவு ஆச்சுன்னா பில்லை எஸ்.எம்.சி. மீட்டிங்ல காட்டிருங்க.

ஏப்ரல் கடைசியில

கோடை லீவுக்கு முன்னாடி எல்லாரும் புத்தகத்தை திருப்பி வாங்கி பூட்டுவாங்க. நாங்க அதுக்கு நேர்மாறு. ஒண்ணரை மாசம் புள்ளை சும்மா இருக்கறப்பதான் புத்தகம் கையில இருக்கணும், அதனால ஆளுக்கு மூணு, ஒரு மஞ்சப்பையில போட்டு குடுத்துருவோம். மொத வருசம் 75 போச்சு. ஜூன்ல பாயை விரிச்சு எண்ணுனா 69 வந்துருந்துச்சு, கூடவே யாரு வீட்டுலயோ இருந்து ஒரு பழைய வாக்கியப் பஞ்சாங்கமும். இன்னும் யாரும் கேட்டு வரல, நோட்டுல அதுக்கும் ஒரு நம்பர் போட்டு வச்சிருக்கோம்.